வர்ஜீனியாவுல மொபைல் கிரைசிஸ் ஏஜென்சி ஆரம்பிக்கணும், அப்ரூவல் எங்கேந்து ஆரம்பிக்குறது?

ரிச்மண்ட்வாசி:

வணக்கம் மக்களே. நான் ரிச்மண்ட் பக்கம் எல்பிசி, அதாவது லைசென்ஸ் உள்ள கவுன்சலர், ரொம்ப வருஷமா அவுட்பேஷன்ட் கவுன்சலிங்தான் பண்றேன். இப்ப நானும் கூட வேலை பாத்த ஒரு சோஷியல் வொர்க்கரும் சேந்து மொபைல் கிரைசிஸ் ரெஸ்பான்ஸ் ஏஜென்சி ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு பேசிட்டு இருக்கோம். தெரியாதவங்களுக்காக சொல்றேன், 988-ங்கற மனநல நெருக்கடி உதவி நம்பருக்கு யாராவது கூப்பிட்டு, போன்ல பேசி மட்டும் தீக்க முடியாத நிலைமைன்னா வீட்டுக்கே ஆள் வருவாங்க இல்ல, அந்த டீம்.

ஏன் இதுலன்னா, 2018 மே மாசம் இங்க மார்கஸ் டேவிட் பீட்டர்ஸ்னு ஒரு பயாலஜி டீச்சர், 24 வயசு, மனநிலை குலைஞ்சு போய் ஹைவேல உடம்புல துணி கூட இல்லாம ஓடினப்ப போலீஸ் சுட்டு செத்துப் போனார். கையில ஆயுதம் எதுவும் கிடையாது. அவர் பேர்லதான் 2020-ல மார்கஸ் அலர்ட் சட்டம் வந்துச்சு, மனநல எமர்ஜென்சிக்கு போலீஸ் மட்டும் போகாம மனநல ஆளுங்களும் போற ஏற்பாடு வேணும்னு. சட்டம் வந்தாச்சு, ஆனா போறதுக்கு ஆள் எங்க இருக்காங்க? எங்க ஏரியாவுல ராத்திரி நேரத்துக்கு டீம் பத்தலன்னு எல்லாரும் சொல்றாங்க.

என் குழப்பம் இதுதான். ஸ்டேட் லைசென்ஸ் முதல்ல எடுக்கணுமா மெடிகெய்ட்ல (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) சேரணுமா, நடுவுல எம்ஓயு-ன்னு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் சொல்றாங்களே அது யார்கூட போடணும், ஏற்கனவே எனக்கு எல்பிசி லைசென்சும் பில்லிங்குக்கான என்பிஐ அடையாள நம்பரும் இருக்கே அது போதாதா? அனுபவப்பட்டவங்க யாராவது விவரமா சொன்னா புண்ணியமா போகும்.

பில்லிங்_பாண்டியன்:

அக்கா, நான் பிஹேவியரல் ஹெல்த் ஏஜென்சிகளுக்கு கிரெடென்ஷியலிங், பில்லிங் பண்ணித் தர்ற ஆளு. கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், போதாது. உங்க எல்பிசி ஹெல்த் ப்ரொபஷன்ஸ் பக்கத்துலேந்து வந்தது, அது உங்க தலைக்கு. ஏஜென்சிக்கு டிபிஎச்டிஎஸ்னு ஸ்டேட்டோட மனநலத் துறை தனியா லைசென்ஸ் தரணும். என்பிஐ-யும் அப்படித்தான், உங்க கிட்ட இருக்கறது டைப் 1, கம்பெனிக்கு டைப் 2 வேற எடுக்கணும், அது ஆன்லைன்ல சீக்கிரமே கிடைச்சுரும், காசும் கிடையாது.

வரிசைன்னு பாத்தா, கம்பெனி பதிவு, வரிக்கான ஈஐஎன் நம்பர், டைப் 2 என்பிஐ, இதெல்லாம் சில்லறை வேலை. அடுத்து டிபிஎச்டிஎஸ் லைசென்ஸ், கனெக்ட்னு அவங்க போர்ட்டல் இருக்கு, அதுலதான் போடணும். இங்க ஒண்ணு கவனிங்க, லைசென்ஸ் பொதுவா தர மாட்டாங்க, எந்த சர்வீஸ் எந்த அட்ரஸ்லன்னு கூடவே அடெண்டம்னு ஒரு இணைப்புத் தாள் வரும், அதுல கிரைசிஸ் சர்வீஸ்னு எழுதி இருக்கணும். வெறும் அவுட்பேஷன்ட்டுக்கு வாங்கி வச்சுட்டு கிரைசிஸ் பில் அடிக்க முடியாது. புதுசா வர்றவங்களுக்கு முதல்ல கண்டிஷனல் லைசென்ஸ்தான், ஆறு மாசம் வரைக்கும். அதுல ஒழுங்கா நடந்து காட்டினா அப்புறம் ஒரு வருஷத்துக்கு, அதுக்கப்புறம் மூணு வருஷம் வரைக்கும்.

அடுத்துதான் நீங்க கேட்ட எம்ஓயு. இந்த ஸ்டேட்ட அஞ்சு ரீஜனா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிரைசிஸ் ஹப். 988 கால் அந்த ஹப்புக்கு வந்து அங்கேந்துதான் டீம அனுப்புவாங்க. அந்த ஹப்போட டிபிஎச்டிஎஸ் மூலமா எம்ஓயு போட்டாத்தான் நீங்க அந்த டிஸ்பாட்ச் லிஸ்ட்லயே வருவீங்க. 2021 டிசம்பர்ல மெடிகெய்ட் இந்த மொபைல் கிரைசிஸ் ரெஸ்பான்ஸ புது சர்வீஸா கொண்டு வந்தப்பவே லைசென்சும் வேணும் எம்ஓயு-வும் வேணும்னு ரெண்டையும் கட்டாயம் ஆக்கிட்டாங்க. பாதிப் பேர் இத கடைசில கண்டுபிடிச்சு தலையில கை வச்சு உக்காந்துடுறாங்க.

அதுக்கும் அப்புறம்தான் மெடிகெய்ட். பிஆர்எஸ்எஸ்னு மெடிகெய்டோட போர்ட்டல்ல என்ரோல் பண்ணனும், கம்பெனில அஞ்சு சதவீதம் அதுக்கு மேல பங்கு வச்சிருக்க எல்லாரும் பேர், பிறந்த தேதி, சோஷியல் நம்பர் குடுக்கணும், இது பெடரல் ரூல். அது முடிஞ்சதும் மெடிகெய்டுக்காக இன்சூரன்ஸ் நடத்துற ஒவ்வொரு மேனேஜ்டு கேர் பிளானோடவும் தனித்தனியா காண்ட்ராக்ட். ஸ்டேட்ல என்ரோல் ஆகாம பிளான் நெட்வொர்க்குல சேர முடியாது. எல்லாம் முடிஞ்சாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரீவேலிடேஷன், அதாவது மறுசரிபார்ப்பு, வரும், லெட்டர் பழைய அட்ரசுக்குப் போய் பாக்காம விட்டீங்கன்னா பில்லிங் நின்னுடும்.

ராத்திரி பகல்னு இல்லாம 24 மணி நேரமும் ஆள் இருக்கணும்ங்கறதும் ரூல்தான். அத பத்தி இங்க ராத்திரி வேலை பாக்குறவங்க யாராவது சொன்னா நல்லா இருக்கும், நான் பேப்பர் பக்கம் மட்டும்தான்.

இரவுப்பணி:

நான் சொல்றேன். சிஎஸ்பி-ன்னு உள்ளூர் அரசு மனநல அமைப்புல ப்ரீஸ்க்ரீனரா, அதாவது ஒருத்தர ஹாஸ்பிடல்ல வைக்கணுமான்னு முதல்ல பாக்கற ஆளா இருக்கேன், எமர்ஜென்சி சர்வீசஸ்ல. ரிச்மண்ட்வாசி, உங்க மனசு புரியுது, ஆனா ஒண்ண மொதல்லயே தெளிவா வச்சுக்கோங்க, உங்க டீம் டிடிஓ, அதாவது தற்காலிகமா ஹாஸ்பிடல்ல பிடிச்சு வைக்கற ஆர்டர், எழுத முடியாது. ஒருத்தர அவர் விருப்பம் இல்லாம ஹாஸ்பிடல்ல வைக்கணும்னா சிஎஸ்பி-யோட சர்டிபைட் ப்ரீஸ்க்ரீனர் பாத்து, மேஜிஸ்ட்ரேட் ஆர்டர் போடணும். ஈசிஓ-ல, அதாவது அதுக்கு முன்னாடி பரிசோதனைக்காக காவல்ல வைக்கற ஆர்டர்ல, ஒருத்தர் இருந்தா எட்டு மணி நேரம்தான், அதுக்குள்ள நாங்க பாத்து பெட் தேடி முடிக்கணும். உங்க வேலை அதுக்கு முந்தின வேலை, இந்த ஆளு எங்க கிட்டயே வராம வீட்லயே இருந்து சரியாகறதுக்கான வேலை. அதுதான் பெரிய வேலைன்னு நான் நெனக்கிறேன். நல்ல மொபைல் டீம் போன வீட்டுக்கும் போலீஸ் மட்டும் போன வீட்டுக்கும் வித்தியாசம் எங்களுக்கு பாத்த உடனே தெரியும், அந்த ஆளு வர்ற விதத்துலயே தெரியும், கைவிலங்கு தடம் இருக்கா இல்லையான்னு.

இப்ப ஆள் விஷயம். எல்எம்எச்பி, அதாவது உங்கள மாதிரி முழு லைசென்ஸ் உள்ள மனநல ஆளு, ஒருத்தர் நேர்ல இல்லன்னா அவங்க சூப்பர்விஷன்ல க்யூஎம்எச்பி-யும் (அந்த லைசென்ஸ் இல்லாத, பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர்) பியர் ரெகவரி ஸ்பெஷலிஸ்டும் (தானே இந்த மாதிரி பிரச்சனைலேந்து மீண்டு வந்து மத்தவங்களுக்கு உதவுறவர்) சேந்து டீம் போடலாம், ஆனா க்யூஎம்எச்பி ஆகட்டும் பியர் ஆகட்டும் போர்ட் ஆப் கவுன்சலிங்ல ரெஜிஸ்டர் ஆகி இருக்கணும், அசெஸ்மென்ட் எல்எம்எச்பி இல்லன்னா அந்த லைசென்சுக்காக பயிற்சில இருக்கற ரெசிடென்ட், சூப்பர்வைசி நிலைல இருக்கறவங்கதான் பண்ணனும், அவங்க வீடியோல வந்தும் பண்ணலாம். இதெல்லாம் சேத்து ஏழு நாளைக்கு ராத்திரி ஷிப்ட் போட்டுப் பாருங்க ஒரு பேப்பர்ல. ஒருத்தருக்கு காய்ச்சல், ஒருத்தர் ஊருக்குப் போயிட்டார், அப்பவும் கார்ல ரெண்டு பேர் இருக்கணும். நீங்களும் உங்க தோழியும் மட்டும் இருந்தா ரெண்டாவது வாரமே படுத்துருவீங்க. எனக்கு தெரிஞ்சு இந்த வேலைல ஆளுங்க விட்டுட்டுப் போறது சம்பளம் குறைவுன்னு மட்டும் இல்ல, தூக்கம் இல்லாம மூணாவது கால் போறப்ப கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் பேசறது காதுல ஏறாது, அது அவங்களுக்கே தெரியும், அந்த குற்ற உணர்ச்சில போறாங்க.

ஆஷ்பர்ன்_அம்மா:

நான் இந்த பீல்டு இல்ல, சும்மா படிச்சுட்டு போலாம்னு வந்தேன், எழுதாம போக மனசு வரல.

என் பையனுக்காக நான் 988 கூப்பிட்டிருக்கேன். காலேஜ் லீவுல வந்தவன் நாலு நாளா தூங்கல, ரூம விட்டு வரல, செவுத்தப் பாத்து பேசறான், நானும் என் வீட்டுக்காரரும் மாடிப்படில உக்காந்து என்ன பண்றதுன்னு தெரியாம இருந்தோம். என் போன் நம்பர் நாங்க டல்லாஸ்ல இருந்தப்ப வாங்கினது, மாத்தவே இல்ல. கால் டெக்சாஸ்ல யாருக்கோ போச்சு. அந்தப் பொண்ணு பாவம் ரொம்ப அன்பாதான் பேசுச்சு, ஆனா நான் வர்ஜீனியான்னு சொல்லி, அவங்க இங்க கனெக்ட் பண்ணி, திரும்ப முதல்லேந்து எல்லாம் சொல்லி, அந்த நேரம் இருக்கே.

ரெண்டு பேர் வந்தாங்க, சாதாரண கார், யூனிபார்ம் இல்ல. வாசல்ல செருப்பு இருக்கறத பாத்துட்டு ஷூவ கழட்டவான்னு கேட்டாங்க. அதுலயே எனக்கு பாதி பயம் போச்சு. ஒருத்தர் மாடில அவன் ரூம் கதவுக்கு வெளிய தரையில உக்காந்துட்டார், கதவத் தட்டவே இல்ல, தன் பேர சொல்லிட்டு நான் இங்கதான் இருக்கேன், நீ பேசணும்னு இல்லன்னு சொன்னார். இன்னொருத்தர் கீழ எங்ககிட்ட, வீட்ல என்ன மாத்திரை இருக்கு, எங்க இருக்கு, துப்பாக்கி இருக்கான்னு கேட்டு, கிச்சன் அலமாரில இருந்த எல்லா மாத்திரையையும் ஒரு டப்பால போட்டு பூட்ட சொன்னாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவன் கதவ திறந்தான்.

ஒரே ஒரு குறை, என் மாமியாருக்கு இங்கிலீஷ் வராது, அவனோட நெருக்கமா இருக்கறது அவங்கதான், அவங்ககிட்ட பேச என் பன்னெண்டு வயசு பொண்ணதான் நடுவுல நிக்க வச்சோம். அவ அண்ணன பத்தி அவளே எல்லாத்தையும் சொல்ல வேண்டி வந்துச்சு. நீங்க ஆரம்பிச்சீங்கன்னா இத யோசிங்கம்மா.

இரவுப்பணி:

அம்மா, உங்க பையன் இப்ப நல்லா இருக்கானா? எழுதினதுக்கு ரொம்ப நன்றி.

அந்த நம்பர் விஷயம், முன்னாடி 988 கால் ஏரியா கோட் பாத்துதான் போய்ட்டு இருந்துச்சு, 2024-லதான் பெரிய போன் கம்பெனிகள் நீங்க நிக்கிற இடத்த வச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க, எப்சிசி-ன்னு பெடரல் தொலைத்தொடர்பு ஆணையத்தோட ரூலும் வந்துருச்சு. எந்த ஊருன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிடறது இப்பவும் நல்லது.

மொழிபெயர்ப்புக்கு சின்னப் பசங்கள நிறுத்தறது தப்பு, மருத்துவ சேவைல பாகுபாடு கூடாதுங்கற பெடரல் 1557 ரூல்லயே இருக்கு. உயிருக்கு ஆபத்துங்கற நிலைமைல, சரியான இன்டர்ப்ரெட்டர் கிடைக்கற வரைக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. மெடிகெய்ட் பணம் வாங்குற ஏஜென்சி தகுதியான இன்டர்ப்ரெட்டர ஏற்பாடு பண்ணனும், போன் லைனா இருந்தாலும் சரி, குடும்பத்துகிட்ட அதுக்கு காசு கேக்கக் கூடாது. 988-லயே 240 மொழிக்கு மேல இன்டர்ப்ரெட்டர் இருக்காங்க, தமிழ்னு சொல்லி கேக்கலாம், நிறைய பேருக்கு தெரியாது.

ஆஷ்பர்ன்_அம்மா:

நல்லா இருக்கான், மருந்து எடுத்துக்கறான், காலேஜுக்கு திரும்ப போயிட்டான். கேட்டதுக்கு நன்றி கண்ணு.

ப்ளாக்ஸ்பர்க்_பிரியா:

ரிச்மண்ட்வாசி, ஏஜென்சி இல்லாமலே உங்க சொந்த க்ளையன்டுக்கு கிரைசிஸ் வந்தா 90839-ங்கற பில்லிங் கோட்ல பில் பண்ணலாமே? முதல் 60 நிமிஷத்துக்கு அது, மேல ஒவ்வொரு 30 நிமிஷத்துக்கும் 90840. ஏஜென்சி லைசென்ஸ், எம்ஓயு எதுவும் வேண்டாம். நான் அப்படித்தான் பண்றேன், இதுக்குள்ள எல்லாம் போய் ஏன் மாட்டிக்கணும்?

பில்லிங்_பாண்டியன்:

பிரியா மேடம் சொல்றது சரிதான், ஆனா அது வேற கதை. 90839 உங்க ரூமுக்கு வந்த உங்க க்ளையன்டுக்கு நீங்க பண்ற சைக்கோதெரபி. அக்கா கேக்கறது முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் வீட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போறது, அதுக்கு எச்2011 கோட், 15 நிமிஷத்துக்கு ஒரு யூனிட். பணம் வர்றதும் வேற வழி. 2021-ல வந்த அமெரிக்கன் ரெஸ்க்யூ பிளான் சட்டத்துல, மொபைல் கிரைசிஸ் ஒழுங்கா நடத்துற ஸ்டேட்டுக்கு முதல் 12 காலாண்டுக்கு செலவுல 85 சதவீதம் பெடரல் தரும்னு போட்டாங்க, அதுக்கு கண்டிஷன்தான் டீம்ல ரெண்டு பேராவது இருக்கணும், 24 மணி நேரமும் இருக்கணும், ஹாஸ்பிடலுக்கு வெளிய நடக்கணும்ங்கறது எல்லாம். இங்க வர்ஜீனியாவுல நம்ம போன் பில்லுலேந்தே மாசம் 12 சென்ட் 988-க்குன்னு போகுது, 2021-ல இந்த மாதிரி கட்டணம் கொண்டு வந்த முதல் ஸ்டேட் இதுதான்.

ஆனா எச்2011-ல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, டீம் போன நேரத்துக்குதான் காசு. போன் அடிக்காம ரெண்டு பேர் ஆபீஸ்ல முழிச்சு உக்காந்திருக்க நேரத்துக்கு யாரும் தர மாட்டாங்க, அந்த சம்பளம் உங்க பாக்கெட்டுலேந்து. தீயணைப்பு வண்டிக்கு தீ பிடிச்ச மணி நேரத்துக்கு மட்டும் சம்பளம் குடுத்தா ஸ்டேஷன் நடக்குமா? அந்த நிலைமைதான் இங்க. ஆரிகன்ல யூஜின் ஊர்ல கஹூட்ஸ்னு 1989-லேந்து நடந்த டீம், நாடு முழுக்க அத பாத்துதான் மத்தவங்க ஆரம்பிச்சாங்க, அதுவே காசு பிரச்சனைல 2025 ஏப்ரல்ல யூஜின்ல நின்னு போச்சு. எனக்கு அது ரொம்ப வருத்தமான செய்தி. அதனால க்ளெய்ம் பணத்த மட்டும் நம்பி இறங்காதீங்க, ஹப்போட பேசறப்பவே ரெடியா நிக்கிற நேரத்துக்கு காண்ட்ராக்ட் பணம் ஏதாவது உண்டான்னு கேளுங்க, கவுண்டி கிட்டயும் கேளுங்க.

பீனிக்ஸ்_குமார்:

அரிசோனாவுலேந்து ஒரு வார்த்தை. இவ்வளவு பேப்பர் எதுக்குன்னு கோவம் வரும், எனக்கும் வந்திருக்கு, ஆனா இங்க நடந்தத பாத்ததுக்கு அப்புறம் நான் அப்படி பேசறதில்ல. 2023 மே மாசம் கவர்னரும் அட்டர்னி ஜெனரலும் சேந்து பிரஸ் மீட் வச்சு 100க்கு மேல பிஹேவியரல் ஹெல்த் ப்ரொவைடருக்கு மெடிகெய்ட் பணத்த நிறுத்தினாங்க. போதையிலேந்து மீள்றவங்களுக்கான சோபர் லிவிங் வீடுன்னு சொல்லி பூர்வகுடி மக்கள ரிசர்வேஷன்லேந்து வேன்ல கூட்டிட்டு வந்து வச்சு, குடுக்காத சிகிச்சைக்கு பில் அடிச்சிருக்காங்க. நஷ்டம் 2.5 பில்லியன் டாலர் வரைக்கும்னு ஸ்டேட்டே சொல்லுச்சு. பணத்த நிறுத்தினதும் அந்த வீடுகளும் மூடி, ஜனங்க தெருவுல நின்னாங்க. அதுக்கப்புறம் பல ப்ரொவைடர் வகைக்கு புது என்ரோல்மென்டே நிறுத்தி வச்சாங்க, மிச்சத்துக்கு ஹை ரிஸ்க் லெவல், ஓனர் கைரேகை, நேர்ல வந்து சோதனை.

இதுல நல்லவங்களும் மாட்டினாங்க, பணம் நின்னதுல உண்மையா நடத்தினவங்களும் சம்பளம் குடுக்க முடியாம மூடிட்டாங்கன்னு எனக்கு தெரியும். அதனாலதான் சொல்றேன், உங்க நோட்ஸ் எல்லாம் அன்னிக்கே எழுதி, எந்த நேரம் கதவுக்குள்ள போனீங்க, எந்த நேரம் வெளிய வந்தீங்கன்னு சுத்தமா வைங்க. வேலைக்கு எடுக்கற ஒவ்வொருத்தர் பேரையும் மாசா மாசம் ஓஐஜி எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்ல, அதாவது மெடிகெய்ட் மாதிரி அரசு திட்டங்கள்லேந்து தடை பண்ணவங்க பட்டியல்ல, தேடுங்க. அந்த லிஸ்ட்ல இருக்கறவர் ஒருத்தர் டீம்ல இருந்தா அவர் போன கேசுக்கு வாங்கின பணம் பூரா திருப்பி குடுக்கணும், அபராதமும் வரும்.

ரிச்மண்ட்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஆஷ்பர்ன் அம்மா, நீங்க எழுதினத என் தோழிக்கு படிச்சு காட்டினேன், அந்த பன்னெண்டு வயசுப் பொண்ணு எங்க ரெண்டு பேர் மனசுலயும் நிக்குது, இன்டர்ப்ரெட்டர் லைன் இல்லாம ஒரு டீம் கூட வெளிய போகாதுன்னு பாலிசிலயே எழுதறோம்.

பாண்டியன் தம்பி, பாலிசி பத்தி ஒரு கேள்வி. கன்சல்டன்ட் ஒருத்தர் மொத்த பாலிசி செட்டும் ரெடிமேடா இருக்கு, பேர மட்டும் மாத்திக்கோங்கன்னு சொல்றார். வாங்கலாமா?

பில்லிங்_பாண்டியன்:

வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், மாதிரிக்கு ஒண்ணு கையில இருந்தா நல்லதுதான், ஆனா வாங்கி அப்படியே குடுக்காதீங்க. லைசென்சிங் ஆளு பேப்பர பாத்துட்டு விட மாட்டாங்க, உங்கள உக்கார வச்சு கேப்பாங்க. கிளையன்ட் ஒருத்தர் கார்ல இருந்து இறங்கறப்ப விழுந்து எலும்பு முறிஞ்சா யாருக்கு எத்தன மணி நேரத்துல ரிப்போர்ட் பண்ணுவீங்கன்னு கேட்டா, 24 மணி நேரத்துக்குள்ள டிபிஎச்டிஎஸ் சிஸ்டம்லன்னு பட்டுனு வரணும். ஹ்யூமன் ரைட்ஸ் பாலிசி தனி, அதுக்கு தனி ஆபீஸ் பாப்பாங்க. ஒரு ஏஜென்சி பாலிசிய நான் பாத்தப்ப அதுல வேற ஸ்டேட்டோட டிபார்ட்மென்ட் பேர் அப்படியே இருந்துச்சு, நாற்பதாவது பக்கத்துல. ஓனர் படிக்கவே இல்ல. அது அங்கயே அடி வாங்கி திரும்ப வரிசையோட கடைசிக்குப் போச்சு. நீங்களும் உங்க தோழியும் உக்காந்து ஒவ்வொரு பக்கமா சத்தமா படிங்க, இத நாம நிஜமா செய்வோமான்னு கேட்டுக்கோங்க, செய்ய மாட்டோம்னா மாத்தி எழுதுங்க. எழுதினத செய்யலன்னாதான் சைட்டேஷன், அதாவது விதிமீறல் நோட்டீஸ், வரும்.

இரவுப்பணி:

நான் ஒரு யோசனை சொல்லவா, தப்பா எடுத்துக்காதீங்க. லைசென்ஸ் அப்ளிகேஷன் போட்டுட்டு காத்திருக்கற காலத்துல, ஏற்கனவே ஓடுற மொபைல் டீம்ல நீங்க ரெண்டு பேரும் வாரக் கடைசி ராத்திரி ஷிப்ட் எடுங்க. எல்எம்எச்பி கிடைக்காம எல்லாரும் தவிக்கிறாங்க, உடனே எடுத்துக்குவாங்க. ஹப் டிஸ்பாட்ச் எப்படி பேசுவாங்க, டேட்டா பிளாட்பார்ம்ல என்ன என்ட்ரி கேக்குது, போலீஸ் ஏற்கனவே நிக்கிற வீட்டுக்குள்ள எப்படி போறது, இதெல்லாம் பேப்பர்ல கிடையாது. ஓவர்டோஸ முறிக்கிற நார்கன் மருந்து எடுத்துட்டுப் போங்க, கார்ல எப்பவும் இருக்கணும், மனநல கால்னு போன இடத்துல ஓவர்டோஸ் இருக்கும். காத்திருக்கற நேரத்துல உங்களுக்கு யார் யார் நல்லா வேலை செய்வாங்கன்னும் தெரிஞ்சுடும், அவங்கள்லதான் உங்க முதல் டீம் கிடைப்பாங்க. ஆனா அந்த ஏஜென்சிகிட்ட முதல்லயே சொல்லிடுங்க நாங்க சொந்தமா ஆரம்பிக்கப் போறோம்னு, மறைச்சு பண்ணாதீங்க.

ப்ளாக்ஸ்பர்க்_பிரியா:

இத நானும் பண்ணலாம் போல இருக்கே. எங்க பக்கம் மலை, ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் முக்கால் மணி நேர ட்ரைவ், டீம் வர்றதுக்குள்ள போலீஸ்தான் வந்து சேரும். ரிச்மண்ட்ல டீம் கூடினா எங்களுக்கு பிரயோஜனம் இல்ல, இங்க யாராவது ஆரம்பிக்கணும்.

இரவுப்பணி:

பிரியா, உங்க ரீஜன் ஹப்புக்கு போன் பண்ணுங்க. நிஜமாதான் சொல்றேன். தென்மேற்கு பக்கம் லைசென்ஸ் உள்ளவங்க வேணும்னு எல்லாரும் தேடறாங்க, வீடியோல அசெஸ்மென்ட் பண்ண ஒருத்தர் இருந்தாலே க்யூஎம்எச்பி-யும் பியரும் வண்டிய எடுத்துட்டு கிளம்பிடலாம்.

ரிச்மண்ட்வாசி:

ஷிப்ட் யோசனை எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு, தோழி ஏற்கனவே ஒரு இடத்துல பேசிட்டா. ராத்திரி அட்டவணை போட்டுப் பாத்தோம், குறைஞ்சது எட்டு பேராவது இல்லாம வாரம் முழுக்க ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சுது, அதனால ஆள் சேர்ற வரைக்கும் எம்ஓயு கேக்கப் போறதில்ல, அப்ளிகேஷன் மட்டும் போடறோம். இந்த வாரம் எல்எல்சி பதிவு. பேர் முடிவு பண்ணியாச்சு. பதிவு பண்றப்ப கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

பில்லிங்_பாண்டியன்:

இருக்கு. பேர எப்படி எழுதறீங்களோ அப்படியே எல்லா இடத்துலயும் இருக்கணும். வரித்துறை ஐஆர்எஸ் ஈஐஎன் நம்பரோட அனுப்பற சிபி 575 லெட்டர்ல கமா இல்லாம இருந்து, ஸ்டேட் லைசென்ஸ்ல கமா இருந்து, என்பிஐ-ல எல்எல்சி-ங்கறதே விட்டுப் போயிருந்தா பிஆர்எஸ்எஸ்-ல என்ரோல்மென்ட் திரும்பி வந்துடும், அத சரி பண்ண ஒவ்வொரு ஆபீசா அலையணும். சிபி 575 வந்ததும் அத ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க, அது தொலைஞ்சா அதே லெட்டர் திரும்ப தர மாட்டாங்க, 147சி-ன்னு வேற லெட்டர்தான் கேட்டு வாங்கணும். அப்புறம் ஆபீஸ் அட்ரசுக்கு போஸ்ட் பாக்ஸ் போடாதீங்க, லைசென்சுக்கு நேர்ல வந்து பாக்கற இடம் வேணும். பதிவு முடிஞ்சதும் இங்க சொல்லுங்க, டைப் 2 என்பிஐ-க்கு எந்த வகை சேவைன்னு காட்டற டாக்சானமி கோட் எது போடணும்னு பாத்து சொல்றேன்.